சுவரில் தொங்கும் கையொப்பமா, மடித்து வைத்த கடிதமா?

அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் ஊரில் கோடையில் நடக்கும் உள்நாட்டுப் போர்க்காலப் பொருள் சந்தையில், ஒரே மேசையின் முன்னால் இரண்டு பொருள்களுக்கு நடுவில் நின்று தடுமாறுகிறவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நானே தடுமாறியும் இருக்கிறேன். மேசையின் ஒரு பக்கத்தில் வடபுலத் தளபதி ஷெர்மனின் கையொப்பம்: விரல் நீளக் காகிதத் துண்டு, அதற்கு மேலே அவருடைய உருவப்படம், கீழே பித்தளைப் பெயர்த் தகடு, சுற்றிலும் கருநீல அட்டை, பொன்னிற விளிம்புள்ள கண்ணாடிச் சட்டம். மறுபக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு நான்கு பக்கக் கடிதம்: பென்சில்வேனியப் படைப்பிரிவு ஒன்றைச் சேர்ந்த, யாரும் கேள்விப்பட்டிராத சாதாரணச் சிப்பாய் 1863இல் தன் தாய்க்கு எழுதியது. இரண்டின் விலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றைத்தான் வாங்க முடியும் என்னும்போது எதை வாங்குவது?

வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு, அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்புல மாநிலங்களும் வடபுலமும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் அவ்வளவு தொலைவான சங்கதி அன்று. ஆஷ்பர்னில் வீடு வாங்கியவர் காரை எடுத்தால் சிறிது நேரத்தில் மனாசஸ் போர்க்களத்தில் இருப்பார். ஆன்டீட்டமும் கெட்டிஸ்பர்க்கும் ஒரு பகலில் போய்வரும் தூரம். 1861 ஏப்ரலில் தொடங்கி நான்கு ஆண்டுகள் நடந்து, நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கின்படி 6,20,000 சிப்பாய்களைப் பலிகொண்ட அந்தப் போரைப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அதன் அடையாளமாக ஏதாவது ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்து, வாளும் துப்பாக்கியும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுக் காகிதத்துக்கு வருகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். என் சாய்வை முன்பே சொல்லிவிடுவது நேர்மை: நான் கடிதத்தின் பக்கம் நிற்கிறவன். ஆனால் கையொப்பத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு தளபதியின் கையொப்பம் எவ்வளவுக்கு விற்கும் என்பதை, அவர் வகித்த பதவியைவிட அவர் இறந்த நாள்தான் பெரிதும் தீர்மானிக்கிறது. தென்புலத்தின் ஸ்டோன்வால் ஜாக்சன் 1863 மே 2 அன்று சான்சலர்ஸ்வில்லில், இருட்டில் தம் படையினராலேயே தவறுதலாகச் சுடப்பட்டு, மே 10 அன்று இறந்தார். புகழ் வந்த பிறகு அவர் உயிரோடு இருந்தது இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. கெட்டிஸ்பர்க்கில் லிட்டில் ரவுண்ட் டாப் குன்றை வடபுலத்துக்காகக் காத்த ஜோஷுவா சேம்பர்லெயினோ மெய்ன் மாநில ஆளுநராகவும் போடன் கல்லூரித் தலைவராகவும் இருந்து, 1914 வரை வாழ்ந்து, அரை நூற்றாண்டுக் காலம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். வடபுலத் தளபதி கிராண்ட் பின்னாளில் எட்டு ஆண்டுகள் குடியரசுத் தலைவராக இருந்து எண்ணற்ற ஆவணங்களில் ஒப்பமிட்டவர். ஷெர்மன் 1891 வரை வாழ்ந்தவர். ஆகவே இவர்களுடைய போருக்குப் பிந்தைய கையொப்பங்கள் இன்றும் சில நூறு டாலருக்குக் கிடைக்கின்றன. ஜாக்சனுடையதை அந்த விலைக்கு ஒருவர் நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வது நல்லது. அதே ஆளுடைய ஒப்பம் போர் நடந்த நாளில் இடப்பட்டது என்றால் விலை இன்னும் பல மடங்கு ஏறும். விற்பவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு ஆண்டைச் சொல்லாமல் விட்டால் அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

ஒப்பத்தைச் சரிபார்ப்பதில் ஒரு சுவையான சிக்கலும் இருக்கிறது. தென்புலத் தளபதி லாங்ஸ்ட்ரீட் 1864 மே மாதம் வில்டர்னஸ் போரில் தொண்டையிலும் வலது தோளிலும் குண்டு பாய்ந்து வலக்கை செயலிழந்துபோனதால், இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டார். எனவே அவருடைய காயத்துக்கு முந்தைய எழுத்தும் பிந்தைய எழுத்தும் ஒன்றுபோல் இராது. காயத்துக்கு முந்தைய மாதிரியை வைத்துக்கொண்டு பிந்தையதைப் போலி என்று தள்ளுவதும், அதற்கு நேர்மாறானதும் நடக்கக் கூடியவையே. தென்புலத் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸின் பெயரில் அவருடைய மனைவி வரினா, போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஏறத்தாழ அவர் கையைப் போலவே ஒப்பமிட்டுக் கொடுத்திருக்கிறார். ஏமாற்றும் எண்ணம் அதில் இல்லை என்றாலும், வாங்குகிறவர் பணம் கொடுப்பது கணவரின் கையெழுத்துக்குத்தானே.

லிங்கனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் முதலில் அவரைத்தான் கேட்கிறார்கள். கடிதங்களில் அவர் பெரும்பாலும் ‘ஏ. லிங்கன்’ என்றும், படையதிகாரிகளின் நியமனப் பத்திரம் போன்ற முறையான ஆவணங்களில் முழுப் பெயரையும் எழுதினார். வெறும் ஒப்பத்துக்கே சில ஆயிரம் டாலர் ஆகும். 1864 தேர்தல் வெற்றிக்குப் பின் அவர் ஆற்றிய உரையின் கையெழுத்துப் பிரதி 2009இல் நியூயார்க் ஏலத்தில் 34 லட்சம் டாலரைத் தாண்டிப் போயிற்று. ஆகையால் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலையில், சட்டமிட்டுத் தொங்கும் லிங்கன் கடிதம் என்பது அநேகமாக நகலாகவே இருக்கும். பிள்ளைகளைப் போரில் இழந்த பிக்ஸ்பி என்னும் தாய்க்கு 1864 நவம்பரில் லிங்கன் பெயரில் போன ஆறுதல் கடிதத்தின் மூலம் இன்று எங்கும் இல்லை. 1891 முதல் அதன் கல்லச்சு நகல்கள் ஏராளமாக விற்கப்பட்டன. பரணில் கிடைத்தது என்று இன்றும் அவற்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். போர்வீரர் கடிதங்களில் மிகப் புகழ்பெற்றது வடபுல மேஜர் சலிவன் பலூ 1861 ஜூலையில் தன் மனைவிக்கு எழுதியது; அதற்கும் பிறர் படியெடுத்த பிரதிகளே மிஞ்சியிருக்கின்றன. போரின் இரண்டு பெரும் கடிதங்களுக்கும் மூலம் இல்லை என்பதை நினைவில் வைத்திருந்தாலே பாதி ஏமாற்றங்களைத் தவிர்த்துவிடலாம்.

மீதிப் பாதி, தேர்ந்த போலிக்காரர்களால் வருவது. ஜோசஃப் கோசி என்பவர் 1930களில் நியூயார்க்கில் அமர்ந்துகொண்டு, அந்தக் காலத்துப் பழைய காகிதத்திலேயே லிங்கனை எழுதித் தள்ளினார். அவருடைய போலிகளை நியூயார்க் பொது நூலகம் தனித் தொகுப்பாகவே வைத்திருக்கிறது. அவருக்கு முன்னவரான ராபர்ட் ஸ்பிரிங், ஸ்டோன்வால் ஜாக்சனின் வறுமையுற்ற மகளாகத் தம்மைக் காட்டிக்கொண்டு, தென்புலத்தின் மேல் பரிவு கொண்ட ஆங்கிலேயர்களுக்குக் ‘குடும்பச் சொத்து’ விற்றவர். இந்த இருவருமே கவலைப்படாத ஒருவர் உண்டு: புகழில்லாத சாதாரணச் சிப்பாய். நூறு டாலருக்குப் போகும் கடிதத்தை நான்கு பக்கம் உட்கார்ந்து போலியாக எழுதுவது எந்தப் போலிக்காரருக்கும் கட்டுப்படியாகாது. கடிதத்தின் பக்கம் நான் சாய்வதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணத்தை ஒரு சட்டத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் சட்டமிட்ட கையொப்பம் ஒன்றை வாங்கினேன். விற்றவர் யார் என்பது இங்கே வேண்டாம். கண்ணாடிக்குள் அது அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பின்பக்கத் தாளைக் கத்தியால் கீறி எடுத்தபோது, காகிதத் துண்டின் நான்கு மூலைகளிலும் ஒட்டுநாடா மஞ்சள் பாரித்துக் கிடந்தது. கருநீல அட்டையின் சாய்வெட்டு விளிம்பு பதிந்த இடமெல்லாம் பழுப்புக் கோடு, நெய்க்கறை போல. துண்டைத் திருப்பினால் வேறொரு வரியின் நடுப்பகுதி: இரண்டரைச் சொல், ஒரு காற்புள்ளி. ஒரு முழுக் கடிதத்தின் அடிப்பகுதியிலிருந்து பெயரை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டு மற்றதை யாரோ எறிந்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்படிக் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டுவது பெரிய பொழுதுபோக்காக இருந்தது. அந்தத் தளபதி யாருக்கு, எதைப் பற்றி எழுதினார் என்பதை இனி ஒருவரும் அறிய முடியாது. சுவரில் நான் மாட்ட இருந்தது ஒரு கடிதத்தின் பிணத்திலிருந்து வெட்டிய விரல் என்று தோன்றிய பிறகு, அதை மாட்ட மனம் வரவில்லை.

சிப்பாயின் கடிதமோ முழுசாக வருகிறது. ‘நான் நலம், இந்தச் சில வரிகள் உங்களையும் நலமாகக் காணட்டும்’ என்ற பொருள்பட, எல்லாரும் ஒரே வாய்ப்பாட்டில் தொடங்குகிறார்கள். ‘இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்’ என்று எழுதியும் படித்தும் வளர்ந்த நமக்கு அந்தத் தொடக்கத்தில் அந்நியம் எதுவும் தெரியாது. காகிதம் தீர்ந்துவிட்டால் எழுதிய பக்கத்தையே குறுக்காகத் திருப்பி, பழைய வரிகளின் மேல் செங்கோணத்தில் புதிய வரிகளை எழுதினார்கள். இன்லாண்டு கடிதத்தின் மடிப்பு ஓரங்களில் எல்லாம் அம்மா நுணுக்கி எழுதியதைப் படித்தவர்களுக்கு இதையும் படிக்கப் பொறுமை இருக்கும். எழுத்துப்பிழைகள் ஏராளம்; ஆனால் ஒலிப்படி எழுதியிருப்பதால், வாய்விட்டுப் படித்தால் சிப்பாயின் ஊர்ப் பேச்சே காதில் விழும்.

உறையும் கடிதத்தின் ஒரு பாகமே. வடபுலத்தில் மூன்று சென்ட் தபால்தலை. கையில் காசில்லாத சிப்பாய், அதிகாரி ஒருவர் ‘சிப்பாயின் கடிதம்’ என்று குறித்து ஒப்பமிட்டுத் தந்தால் தலை ஒட்டாமலே அனுப்பலாம், பெறுபவர் அங்கே கட்டணம் செலுத்துவார். தென்புலத்தில் 1862 ஜூலை முதல் பத்து சென்ட். முற்றுகையால் காகிதப் பஞ்சம் வந்த பிறகு, வந்த உறையையே உட்புறம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டி மறுபடி அனுப்பினார்கள். சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளைக்கூட உறையாக மடித்தார்கள். பூப்போட்ட அந்த உறை ஒன்றைக் கையில் எடுத்தால், தென்புலத்தின் பொருளாதாரம் 1864இல் எப்படி இருந்தது என்பதைப் பாடப்புத்தகம் இல்லாமலே விளக்கிவிடலாம். வருத்தமான செய்தி, தபால்தலை சேகரிப்போருக்கு உறையையும் மற்றவர்களுக்குக் கடிதத்தையும் தனித்தனியாக விற்றால் லாபம் கூடும் என்பதால், வியாபாரிகள் பலர் இரண்டையும் பிரித்துவிடுகிறார்கள். தபால் முத்திரைகள் பலவற்றில் ஆண்டு இராது. ஆகவே பிரிந்த உறைக்கு ஆண்டு தெரியாமல் போகிறது, பிரிந்த கடிதத்துக்கு முகவரி தெரியாமல் போகிறது.

கடிதத்தின் விலை அதில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முகாமில் மழை, ரொட்டி கெட்டி, சம்பளம் இன்னும் வரவில்லை என்று போகும் கடிதங்கள் நூறு, இருநூறு டாலர் அளவில் கிடைக்கும். ஆன்டீட்டத்தையோ கெட்டிஸ்பர்க்கையோ கண்ணால் கண்டதை எழுதியது என்றால் விலை ஆயிரங்களுக்கு ஏறலாம். கறுப்பினச் சிப்பாய்கள் ஏறத்தாழ 1,80,000 பேர் வடபுலப் படையில் போரிட்டிருந்தும், அவர்களின் கடிதங்கள் சந்தையில் மிக அரிது. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைத் தென் மாநிலங்கள் பலவற்றின் சட்டங்கள் தடுத்திருந்தது அதற்கு ஒரு காரணம். என் கருத்தில், போர் வர்ணனைக்காக அதிக விலை கொடுப்பதைவிட ஒரே சிப்பாயின் மூன்று நான்கு முகாம் கடிதங்களைச் சேர்த்து வாங்குவது மேல். முதல் கடிதத்தில் உற்சாகமாக இருப்பவன் நான்காவதில் எப்படி மாறியிருக்கிறான் என்பது ஒற்றைக் கடிதத்தில் தெரியாது. வாங்கிய பின் தேசியப் பூங்காத் துறையின் இணையப் பட்டியலில் அவன் பெயரையும் படைப்பிரிவையும் தேடலாம். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அவனுடைய பணிப் பதிவும், ஓய்வூதியம் கேட்டிருந்தால் அந்தக் கோப்பும் இருக்கக்கூடும். தளபதியின் ஒப்பம் வாங்கிய அன்றோடு முடிந்துவிடுகிறது. சிப்பாயின் கடிதத்தில் வேலை அன்றுதான் தொடங்குகிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது வழியாக அலுவல் ஆவணங்கள் உண்டு: விடுவிப்புச் சான்று, சரக்குக் கோரிக்கை, ஆள்பட்டியல். அச்சிட்ட படிவமும் கழுகுச் சின்னமும் இருப்பதால் சட்டத்துக்குள் இவை எடுப்பாகத் தெரியும், விலையும் குறைவு. படித்தால் இருபது ஜோடிக் காலணியும் ஏழு போர்வையும்தான் கிடைக்கும். இவற்றில் ஒரு எச்சரிக்கை தேவை. அதிகாரிகள் தங்கள் கணக்குக்காக வைத்துக்கொண்ட பிரதிகள் முறையாகவே குடும்பங்களின் வழியாக வெளியே வந்தவை. ஆனால் அரசுக் காப்பகத்திலிருந்து திருடப்பட்டவையும் சந்தைக்கு வந்திருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாசகர் ஒருவரே பல ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட உள்நாட்டுப் போர்த் தாள்களை வெளியே கடத்தி விற்று, 2005இல் சிறைத் தண்டனை பெற்றார். யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று விற்பவர் சொல்ல மறுத்தால் விலகிவிடுங்கள். விற்பவர் தாமே அச்சிட்டுத் தரும் நம்பகச் சான்றிதழைவிட, போலி என்று எப்போது தெரிந்தாலும் பணம் திரும்பும் என்று ரசீதில் எழுதித் தரும் ஒரு வரி பெறுமதியானது.

இனி, கண்ணாடிச் சட்டம் என்னும் முக்கியமான முடிவு. அன்றைய காகிதம் கந்தலிலிருந்து செய்யப்பட்டதால் இன்றைய செய்தித்தாளைவிட நீண்ட ஆயுள் உடையது. மையோ பெரும்பாலும் இரும்புச் சத்துள்ளது, வெளிச்சத்தில் பழுப்பாகி மங்கும். பென்சில் எழுத்து வெளிச்சத்துக்கு அஞ்சாது, விரலுக்குத்தான் அஞ்சும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி பாதியளவே காப்பு, ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மையைத் தின்கிறது. அருங்காட்சியகங்கள் இத்தகைய தாள்களை 50 லக்ஸ் மங்கொளியில், அதுவும் சில மாதங்களே வைப்பது அதனால்தான். வரவேற்பறைச் சுவரில் அந்த ஒழுங்கு நடக்காது. அப்படியும் மூலத்தையே மாட்டியாக வேண்டும் என்கிறவர், அமிலமற்ற பருத்தி அட்டையும், கோதுமைப் பசையில் ஒட்டிய ஜப்பானியத் தாள் கீலும், கண்ணாடி காகிதத்தைத் தொடாத இடைவெளியும் கேட்டு வாங்க வேண்டும். லேமினேட் செய்வது என்ற பேச்சே கூடாது. ரிச்மண்டிலேயே வில்லியம் பாரோ என்ற நிபுணர் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஆயிரக்கணக்கான ஆவணங்களை நல்லெண்ணத்தோடு பிளாஸ்டிக் தாளுக்குள் ஒட்டினார். இன்று காப்பகத்தார் அவற்றைப் பிரித்தெடுக்கப் பாடுபடுகிறார்கள். ஊருக்கு அனுப்பி சென்னை வீட்டில் மாட்ட நினைப்பவர்கள், கூடத்தில் தொங்கிய தாத்தா படங்களின் கண்ணாடிக்குள் இராமபாணப் பூச்சி எப்படிக் கோலம் போட்டது என்பதை ஒருமுறை நினைத்துப் பார்த்தால் போதும்.

ஏற்கெனவே சட்டமிட்டு விற்கப்படும் பொருளைப் பொதுவாக நான் வாங்குவதில்லை. பின்பக்கம் தெரியாது, ஓரம் கத்தரிக்கப்பட்டதா, கிழிசலுக்குப் பின்னால் ஒட்டுப் போட்டிருக்கிறதா என்பதெல்லாம் அட்டைக்குள் மறைந்துவிடும். லென்ஸ் வைத்துப் பார்க்கவும் முடியாது. பேனா எழுத்தில் அழுத்திய இடத்தில் மை திரண்டும் தூக்கிய இடத்தில் மெலிந்தும் இருக்கும். அச்சு நகலில் எல்லாக் கோடும் ஒரே செறிவில் கிடக்கும். கண்ணாடிக்கு வெளியே இருந்து இந்த வேறுபாட்டைத் துணிந்து சொல்ல யாராலும் ஆகாது. விற்பவர் சட்டத்தைக் கழற்றிக் காட்டச் சம்மதித்தால் மட்டுமே விலை பேசலாம்.

சுவர் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளில் கறுப்பின நண்பர்களும் இருப்பார்கள். ரிச்மண்டில் 1890 முதல் நின்ற தென்புலத் தளபதி லீயின் பெருஞ்சிலை 2021 செப்டம்பரில் இறக்கப்பட்டதைக் கண்டவர்கள் அவர்கள். அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோன அரசின் தளபதியைப் பொன்விளிம்புக்குள் வைத்து மாட்டுவது, நாம் எண்ணாத பொருளை அவர்களுக்குத் தரும். தென்புலத் தாள்களைச் சேகரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என்னிடமும் ஒன்று இருக்கிறது. அது பெட்டியில் இருக்கிறது, கேட்பவருக்கு எடுத்துக் காட்டி என்னவென்று சொல்லலாம். படிப்பதற்கு வைத்திருப்பதும் கொண்டாடுவதற்கு மாட்டுவதும் வேறு வேறு.

வாங்காமலே படிக்கலாம் என்ற வழியும் உண்டு. வர்ஜீனியாவின் அகஸ்டா மாவட்டத்துக் கடிதங்களையும் பென்சில்வேனியாவின் ஃபிராங்க்ளின் மாவட்டத்துக் கடிதங்களையும் எதிரெதிரே வைத்து வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் உருவான திட்டம் ஒன்று இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. வாங்க முடிவு செய்வதற்கு முன் ஒரு மாதம் அவற்றைப் படித்துப் பாருங்கள். பழைய கையெழுத்து பழகும், சலித்துவிட்டால் பணமும் மிச்சம்.

சலிக்கவில்லை என்றால், ஆயிரம் டாலர் கையில் இருப்பவர் இப்படிப் பிரிக்கலாம்: அறுநூறுக்கு உறையோடு கூடிய ஒரே சிப்பாயின் மூன்று கடிதங்கள், நூறுக்குள் அமிலமற்ற பெட்டியும் பாலியெஸ்டர் உறைகளும், ஒரு கடிதத்தின் இரு பக்கத்தையும் நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து, அதே அளவில் அச்சிட்டு, அந்த நகலுக்கு விருப்பம்போல் பொன்விளிம்புச் சட்டம் போட நூறு. மீதி இருநூறை, அந்தச் சிப்பாயின் ஓய்வூதியக் கோப்பின் பிரதிக்கும், அவன் படைப்பிரிவு நின்ற களத்துக்குப் போய்வரும் பெட்ரோலுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஷெர்மனின் ஒப்பம்தான் வேண்டும் என்று மனம் விடாமல் அடம்பிடிக்கிறதா? அப்போதும் கத்தரித்த துண்டை விட்டுவிட்டு, அவர் ஓய்வுக்காலத்தில் எழுதிய நான்கு வரிக் குறிப்பையாவது முழுத்தாளாக, சட்டமில்லாமல், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். சில நூறு டாலர் கூடுதலாகும்.